மாசத்துக்கு ஒரு விரல்

"இலங்கையின் ஆறுகள்" என்று கரும்பலகையின் உச்சியில் எழுதக் கையை உயர்த்தியபோது, இமெல்டா டீச்சரின் சட்டையில் மிச்சமிருந்த இரண்டு கொக்கிகளில் ஒன்று தெறித்து முன்வாங்கில் போய் விழுந்தது.

வகுப்பு அமைதியானது. நாலாம் வகுப்பு அமைதியாவது வருஷத்தில் இரண்டு தரந்தான். ஒன்று இன்ஸ்பெக்டர் வரும்போது, மற்றது இது.

இமெல்டா சேலைத் தலைப்பை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் கை முழங்கைக்கு மேலே எழும்பவேயில்லை. மகாவலி, களனி, மாதுறு ஓயா எல்லாம் பலகையின் அடிமட்டத்தில் நெருக்கியடித்துக்கொண்டு ஓடின. பின்வாங்குப் பிள்ளைகள் எழும்பி நின்று எட்டி எட்டிப் பார்த்து எழுதினார்கள்.

அவளுக்கு ஏழாம் மாசம் பிறந்து நாலு நாள். சட்டைகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுக்கொண்டு வந்தன. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சரியாக ஒரு மாசத்தில் புருஷன் பற்றிக்கின் தங்கச்சிக்கு மட்டக்களப்பு டவுணில் கலியாணம். அங்கே மாமியார் இருக்கிறாள். போன பெரியநாளுக்கு இமெல்டா சாயம் போட்ட பழைய சேலையோடு போனதைப் பார்த்துவிட்டு, "வாழைச்சேனையில புடவைக்கடை எல்லாம் பூட்டியாச்சோ?" என்று நாலு பேர் முன்னால் கேட்ட மாமியார். அந்த மாமியார் முன்னால் பின் குத்திய சட்டையோடு போய் நிற்பதைவிட வாவியில் இறங்கிவிடலாம் என்றிருந்தது இமெல்டாவுக்கு.

ஆனால் இமெல்டா கணக்கானவள். வயிறு பெருக்கப் பெருக்கச் சட்டை தைத்துக்கொண்டிருக்க அவளென்ன விசரியா? ஒரே ஒரு கவுண். தோளிலிருந்து தொளதொளவென்று கால்வரைக்கும் இறங்கவேண்டும். முன்னால் பொத்தான், பிள்ளை பிறந்தால் பால் கொடுக்க. பிறகு இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தால் கோயிலுக்கு. மூன்று மாசத் தேவைக்குத் தைத்தால் ஆறு வருஷம் போட வேண்டும். அதுதான் அவள் திட்டம்.

துணிதான் வில்லங்கம். சாப்பிடப் பாணுக்கு வரிசையில் நின்ற காலம் அது, புடவைக்கும் வரிசைதான். கூட்டுறவுச் சங்கக்கடையில் ஒரு கூப்பன் புத்தகத்துக்கு நாலு யார், அதாவது நாலு கெஜம், சீத்தைத் துணி. அந்த மாசம் வந்ததும் ஒரேயொரு வகை. மஞ்சளில் சிவப்புச் செம்பரத்தம்பூ, ஒவ்வொரு பூவும் சாப்பாட்டுப் பீங்கான் அளவில். பங்குத்தந்தையின் அறைவீட்டு யன்னல் சீலையும் அதுதான். என்ன செய்வது? தன் புத்தகத்துக்கு நாலு யார் வாங்கி வந்தாள்.

தைக்கிறதற்கு உசனார் இருக்கிறார், அண்ணன் முறையில் எல்லாரும் 'காக்கா' என்று கூப்பிடுகிற ஆள். பாலத்தைத் தாண்டினால் ஓட்டமாவடியில் அவர் கடை. பெண்களின் உடுப்புத் தைப்பதில் அவரை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆளில்லை. ஆனால் முப்பது வருஷத்தில் ஒரு பெண்ணின் மீதும் அளவு நாடாவை வைத்ததில்லை, ஒரு பெண்ணை நிமிர்ந்து பார்த்ததும் இல்லை. வீட்டிலிருந்து அளவுச் சட்டை வரும். அதை உள்ளும் புறமும் பிரட்டிப் பார்த்து வெட்டுவார். யார் மெலிந்தாள், யார் கொழுத்தாள், யாருக்கு ஒரு தோள் இறக்கம் என்று ஊர் முழுக்க அவருக்குச் சட்டை வழியாகத்தான் பழக்கம். வழியில் தான் தைத்த உடுப்பு எதிரே வந்தால் உடுப்பைத்தான் அவருக்கு அடையாளம் தெரியும், உள்ளே இருக்கிற ஆளைத் தெரியாது என்று அவர் மனைவி றமீஸா சொல்லிச் சிரிப்பாள்.

"இஞ்சேருங்க, இந்தாங்க துணி. இது என்ட அளவுச் சட்டை. கொஞ்சம் தளர்வா வேணுமெண்டு சொல்லுங்க," என்றாள் இமெல்டா புருஷனிடம்.

"எவ்வளவு தளர்வா?" என்று கேட்டான் பற்றிக். கடதாசி ஆலையில் வேலை செய்கிறவன், எதற்கும் அளவு வேண்டும் அவனுக்கு.

"அது அவருக்கு விளங்கும்."

"எப்பிடி விளங்கும்? ஏழு மாசமெண்டு சொல்லட்டுமா?"

"ஐயோ மாதாவே! அந்நிய ஆம்பிளையிட்டப் போய் அதையா சொல்லுவீங்க? உங்களுக்கு வெக்கமில்லியா?"

பற்றிக்குக்கு வெட்கம் இருந்தது. ஆகவே "கொஞ்சம் தளர்வா" என்பதை மட்டும் சொன்னான். அளவுச் சட்டை இமெல்டாவின் கலியாணத்துக்கு முன்னால் தைத்தது. உசனார் அதைப் பார்த்து அரை அங்குலம் கூட்டி வெட்டினார். கொஞ்சம் என்றால் அவருக்கு அரை அங்குலம்.

கவுண் வந்தது. தலைவழியாகப் போட்டாள். கைகள் இரண்டும் மேலே போன இடத்தில் நின்றுவிட்டன. முகத்தைச் செம்பரத்தம்பூ மூடிக்கொண்டது.

"அம்மா! அம்மோய்! ஓடி வாங்க, மூச்சு முட்டுது!"

குசினியிலிருந்து செபஸ்தியம்மா கையில் கத்தியோடு ஓடிவந்தாள். ஒரே மகள்; அவளுக்கு ஒன்றென்றால் தாய் எதையும் வெட்டுவாள். பக்கத் தையலில் கத்தியை ஓட்டினாள். கவுண் இரண்டாகப் பிளந்தது.

"நாலு யாரும் போச்சு!" என்று அழுதாள் இமெல்டா.

"எறியாத புள்ள. நான் வச்சிருக்கன்," என்று செபஸ்தியம்மா அதை மடித்து உள்ளே கொண்டுபோனாள்.

செபஸ்தியம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. தாய்க்கும் மகளுக்கும் பதினெட்டு வயதுதான் வித்தியாசம். கோயிலில் அக்கா தங்கச்சி என்று நினைத்தவர்களும் உண்டு. பெண்ணுக்கு வீட்டைக் கொடுத்து மருமகனை வீட்டோடு எடுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். பெரிய அறை மகளுக்கு, பின்னறை தாய் தகப்பனுக்கு. மருமகன் வீட்டில் இருந்தால் மாமி கதவுக்குப் பின்னால்தான் நிற்பாள். ஒன்றரை வருஷத்தில் பற்றிக் தன் மாமியாரில் முழுதாகக் கண்டது சோற்றுக் கோப்பையை நீட்டுகிற வலதுகையை மட்டுந்தான். நல்ல மனுஷி. இமெல்டாவுக்கு மீன் வெடுக்குப் பிடிக்காமல் போனதும், பிள்ளைக்காகத் தானும் மீனைத் தொடுவதில்லை என்று விட்டுவிட்டாள். துறைமுகத்தில் மீன்வாடி வைத்திருக்கிற அவள் புருஷன் யோசேப், சொந்த வீட்டில் மூன்று நேரமும் கத்தரிக்காய் தின்றார்.

"அம்மா, உங்கட சட்டை ஒண்டு தாங்க," என்றாள் இமெல்டா அடுத்த நாள்.

"என்ட சட்டையா? அது என்னத்துக்கு?"

"அளவுக்கு. நீங்க என்னை விடப் பெருத்த ஆள்தானே."

"ஆர் பெருத்த ஆள்? ஆரு சொன்ன?" செபஸ்தியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அவளுக்கு இப்படிக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. மகள் முகம் சுருங்கியதைக் கண்டதும்தான் ஒரு சட்டையைக் கொண்டுவந்து தந்தாள்.

துணிக்குத் தாய் புத்தகம், தகப்பன் புத்தகம் இரண்டையும் உடைத்தார்கள். எட்டு யார் செம்பரத்தம்பூ.

உசனார் சட்டையை உள்பக்கம் பிரட்டினார். பக்கத் தையலைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். பிரித்துத் திரும்பத் தைத்த தடம் இருந்தது. மெல்லச் சிரித்துக்கொண்டு, தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"எத்தினை விரல் விடணும் தம்பி?"

பற்றிக்குக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்லவும் விருப்பமில்லை. போன தரம் குறைந்துபோனதால் வந்த வினைதானே இது? இந்தத் தரம் கூட இருந்தால் நல்லது.

"பத்தும் விடுங்க காக்கா," என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.

"பத்தா?" உசனார் வாழ்க்கையில் முதல் தரமாக நிமிர்ந்து ஒரு வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்தார்.

"பத்து."

"அல்லாஹ்ட காவல். சரி தம்பி."

அந்தக் கவுண் வந்தபோது அதைத் தூக்க இரண்டு கை வேண்டியிருந்தது. இமெல்டா போட்டுக்கொண்டு முன்கூடத்துக்கு வந்தாள். கழுத்து ஒரு தோளால் வழுக்கி இறங்கியது. விளிம்பு நாலு பக்கமும் நிலத்தில் கிடந்தது. காற்று அடித்தது, கவுண் உப்பியது.

யோசேப் வெற்றிலையை வாயில் வைக்க மறந்துபோனார். "மகள், இதுக்கொரு பாய்மரம் நாட்டினாக் கல்குடா வரைக்கும் போய் வரலாம்."

"அப்பா!"

"நான் பகிடிக்குச் சொன்னன். அழாத."

"இது உடுப்பில்ல, கூடாரம்! இதுக்குள்ள வகுப்பே நடத்தலாம்!" இமெல்டா கழற்றி எறிந்தாள்.

கதவுக்குப் பின்னாலிருந்து வலதுகை நீண்டு கூடாரத்தை எடுத்துக்கொண்டது. "வீட்டு வேலைக்கு எனக்கு உதவும்," என்றது குரல். அன்றையிலிருந்து செபஸ்தியம்மா கூடாரத்துக்குள்தான் குடியிருந்தாள். காலையில் முற்றம் கூட்டும்போது பார்த்தால் ஒரு செம்பரத்தை வேலி நடமாடுவது போலிருக்கும்.

யோசேப் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலம் தாண்டிச் சண்டைக்குப் போனார். அரைமணித்தியாலத்தில் சண்டை தேத்தண்ணியாகி முடிந்தது.

"யோசேப் அண்ணன், பிழை என்னிலயில்ல," என்றார் உசனார். "இந்த மாதிரி உடுப்புக்கு உள்ளுக்கு மடிச்சுத் துணி விடுவன். மாசத்துக்கு ஒரு விரல். இன்னும் மூண்டு மாசம் கிடந்தா மூண்டு விரல். மாசம் பிறக்கப் பிறக்க ஒரு நூலை இழுத்து விட்டாச் சரி, உடுப்பு தன்பாட்டில பெருக்கும். மருமகன் பத்து விரலெண்டு சொன்னார். பத்தெண்டா நேத்துத்தான் உண்டானதெண்டு அர்த்தம். நான் என்ன செய்ய?"

யோசேப்புக்கு மருமகனை நினைத்துத் தலையில் அடிக்கவேண்டும் போலிருந்தது. "அப்ப இனி என்ன வழி?"

"சட்டைய அனுப்பினா எனக்குச் சட்டைதான் தெரியும். வயித்தோட சேத்து அளவு வந்தாத்தான் சரிவரும்."

வயிற்றை எப்படிக் கடைக்கு அனுப்புவது? யோசேப் பாலத்தில் வரும்போதே யோசித்துவிட்டார். ஒரு தலையணையை வயிற்றளவுக்குத் திணித்து, சட்டையைப் போட்டுக் கட்டி அனுப்பவேண்டும். வீட்டில் எல்லாருக்கும் பிடித்தது. இப்படியொரு யோசனை வேறு எவருக்கும் வராது என்று பற்றிக் மாமனாரைப் பாராட்டினான். உண்மைதான், வேறு எவருக்கும் வந்திருக்காது.

"வெள்ளாப்பில எழும்பி நான் நிண்டு தாறன், அளவு பாத்துக் கட்டுங்கம்மா," என்றாள் இமெல்டா.

"நீ பள்ளிக்கூடத்துக்குப் போ மகள். உன்ட அளவு எனக்குத் தெரியாதா? நான் பாத்துச் செய்வன்."

செய்தாள். பஞ்சுத் தலையணைக்குப் போன தரம் கொடுத்த தன் சட்டையையே போட்டு, கைகளுக்குள் பழந்துணி திணித்து, வயிற்றில் சின்னத் தலையணை ஒன்று வைத்து, அதை யோசேப் மீன்பெட்டிக் கயிற்றால் சைக்கிள் கரியரில் நிமிர்த்திக் கட்டினார். துணி பற்றிக்கின் புத்தகத்தில் வாங்கியது. பற்றிக் இனி வருஷம் முழுக்கப் பழைய சாரத்தோடு சமாளிக்க வேண்டியதுதான்.

பாலத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த சாலிஹ் எழும்பி நின்றான். "யோசேப் அண்ணன்! பின்னுக்கு ஆரு, தலையில்லாம?"

"என்ட மகள்."

"யா அல்லாஹ்! ஆசுபத்திரிக்கா?"

"இல்ல, தையல்கடைக்கு."

சாலிஹ் தூண்டிலைத் தண்ணீரிலே விட்டுவிட்டான்.

முப்பது வருஷத்தில் முதல்தரமாக உசனார் ஒரு பெண்ணுருவத்தை நாடாவால் அளந்தார். அதையும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டுதான் அளந்தார். "மூண்டு விரல்," என்று யோசேப் கவனமாகச் சொன்னார். உசனார் சட்டையையும் தலையணையையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பக்கத் தையலைப் பெருவிரலால் திரும்பவும் தடவினார்.

மூன்றாவது கவுணில் எல்லாம் அழகு. கழுத்து அழகு, பொத்தான் அழகு. ஆனால் இமெல்டாவுக்கு நெஞ்சில் தொளதொளவென்று இருந்தது, வயிற்றில் பிடித்தது, நீளம் முழங்காலோடு நின்றது.

"தலையணைக்குக் கால் இல்லைத்தானே," என்று பற்றிக் விளக்கம் சொன்னான்.

"அப்ப வயித்தில ஏன் இறுக்குது? மூண்டு விரலையும் இப்பவே இழுத்து விட்டாலும் காணாது போல கிடக்கே!" இமெல்டா கட்டிலில் இருந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழத்தொடங்கினாள். கலியாணத்துக்கு இன்னும் ஆறு நாள். "முழங்காலக் காட்டிக்கொண்டு மாமி முன்னால போய் நிக்கிறன். இருக்கிற மானமும் போகட்டும். நாலு பேருடைய புத்தகமும் முடிஞ்சுது, எனக்கு உடுக்க ஒரு முழம் துணியில்ல!"

செபஸ்தியம்மா அந்தக் கவுணையும் மடித்து எடுத்துக்கொண்டாள். கதவடியில் நின்று, "நான் கலியாணத்துக்கு வரல்ல மகள்," என்றாள்.

இமெல்டா திரும்பிப் பார்த்தாள். "என்ன?"

"நீங்க மூண்டு பேரும் போயிற்று வாங்க. ஆட்டுக்குக் குழை போட ஆள் வேணும்."

"ஆடா? அம்மா, எனக்கு ஒரு தாய்தான் கிடக்கு. அந்தச் சனத்துக்குள்ள நான் தனிய நிண்டு பேச்சு வாங்கிறதா? சம்மந்திக்காரி நீங்க வரல்லியெண்டா மாமி அதையும் பிடிச்சுக் கதைப்பா."

"எனக்கு உடுக்க ஒண்டுமில்ல புள்ள."

"பெட்டி நிறையச் சேலை கிடக்கு!"

குசினிக்குள் சட்டி ஒன்று தேவையில்லாமல் சத்தம் போட்டது. யோசேப் எழும்பி வெளியே போய், கட்டின ஆட்டை அவிழ்த்துத் திரும்பவும் கட்டினார். தாய்க்குத் தன்மேல் அப்படியென்ன கோபம் என்று இமெல்டாவுக்கு விளங்கவில்லை. நெஞ்சு நோகத்தான் செய்தது.

அடுத்த நாள் பற்றிக் காத்தான்குடிக்குப் போய், நபீஸா என்ற தறிக்காரியிடம் நீலக் கைத்தறி நாலரை யார், கூடின விலைக்குக் கூப்பனில்லாமல் வாங்கி வந்தான். பூ இல்லாத துணி. அதைக் கண்டதும் இமெல்டாவுக்குப் பாதி உயிர் வந்தது. இந்தத் தரம் தூதும் இல்லை, தலையணையும் இல்லை. தானே போவது என்று முடிவெடுத்துத் தாயையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு பாலம் தாண்டினாள். செபஸ்தியம்மா கையில் புல்லால் இழைத்த பன்பை ஒன்று இருந்தது.

"உசனார் காக்கா, மூண்டு கவுண். மூண்டும் பிழை. நான் அழாத நாளில்ல," என்றாள் இமெல்டா. பள்ளிக்கூடத்துக் குரல் தன்பாட்டில் வந்துவிட்டது.

உசனார் மெஷினைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "டீச்சர், என்ட கத்தரி பிழைக்கல்ல. அளவு ஒவ்வொரு தரமும் வேற வேற ஆளுடையதா வந்தா நான் என்ன செய்ய?"

"எல்லாம் எனக்குத்தானே தைக்கத் தந்த!"

"ஓம் டீச்சர். தைக்கத் தந்தது உங்களுக்குத்தான்." உள்ளே பார்த்து, "றமீஸா! நாடாவ எடு!" என்று கூப்பிட்டார்.

றமீஸா இமெல்டாவை உள்ளே கூட்டிப்போய்த் தோளிலிருந்து குதிக்கால் வரைக்கும் அளந்தாள். ஐந்து நிமிஷ வேலை. "இத முதலே செஞ்சிருக்கலாமே டீச்சர்," என்று சிரித்தாள். இமெல்டாவுக்குச் சிரிப்பும் வந்தது, தன்னையே அடிக்கவேண்டும் போலவும் இருந்தது.

வெளியே வந்ததும் செபஸ்தியம்மா, "கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வாறன்," என்று உள்ளே போனாள். திரைச்சீலை மூடியது. இமெல்டா காத்திருந்தாள். உசனாரின் மெஷின் ஒரு முழுச் சட்டையைத் தைத்து முடித்தது. உள்ளே குசுகுசுவென்று பேச்சு, பிறகு றமீஸாவின் சிரிப்பு. தாய் வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

"ஒரு வாய் தண்ணி குடிக்க இவ்வளவு நேரமா? பை எங்க?"

"உள்ள வச்சிட்டு வந்திட்டன் போல. கிடக்கட்டும் புள்ள, நட."

கலியாணத்தன்று காலையில் வாடகைக் கார் வாசலில் நின்றது. டிரைவர் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தான். பற்றிக் கோட் போட்டு வியர்த்துக் கொட்டினான். இமெல்டா பாலத்துப் பக்கம் பார்த்துக்கொண்டே படியில் நின்றாள், உடம்பில் பின் குத்திய சட்டையோடு. செபஸ்தியம்மா வழக்கம்போலக் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

குடையைப் பிடித்துக்கொண்டு றமீஸா ஓட்டமும் நடையுமாக வந்தாள். "இந்தாங்க டீச்சர். அவர் விடிய விடிய இருந்து தைச்சது."

இமெல்டா உள்ளே ஓடிப்போய் மாற்றிக்கொண்டு வந்தாள். நீலக் கவுண் தோளில் அளவாக இருந்தது. நெஞ்சில் இருந்தது. வயிற்றில் இருந்தும் இல்லாத மாதிரி இருந்தது. குதிக்காலுக்கு ஒரு விரல் மேலே நின்றது. இமெல்டா கையை மேலே தூக்கினாள், கரும்பலகையில் எழுதுகிற மாதிரி. ஒன்றும் தெறிக்கவில்லை.

"ராத்தா!" என்று றமீஸாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "இனி ஆர் முன்னால எண்டாலும் நிப்பன்!"

"இப்பதான் நீ ஒரு ராணி மாதிரிக் கிடக்காய்," என்றான் பற்றிக், மனசாரத்தான்.

பார்சல் கடதாசியை மடிக்க எடுத்தபோது அது இன்னும் பாரமாக இருந்தது. உள்ளே இன்னொரு கவுண். மஞ்சளில் செம்பரத்தம்பூ. வெட்டிக் குறைத்து, கழுத்துக்கு வெள்ளைப் பட்டி வைத்து, ஒரு கலியாணத்துக்குப் போகக்கூடிய விதமாகத் தைத்திருந்தது.

"இது எங்கட கூடாரமல்லவா!" இமெல்டா அதை விரித்துத் தன்மேல் வைத்துப் பார்த்தாள். "ராத்தா, என்னவோ மாறிப்போச்சு. நான் ஒண்டுதான் தைக்கச் சொன்ன. இது எனக்கு நீளமும் காணாது."

"மாறல்ல டீச்சர்."

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. யோசேப் திடீரென்று குனிந்து காரின் ரயரில் காற்று இருக்கிறதா என்று மிகவும் கவனமாகப் பார்க்கத் தொடங்கினார்.

"அப்ப இதென்ன கணக்கு?" என்றாள் இமெல்டா.

றமீஸா குடையை மடக்கினாள். "உங்கட கவுணில ரெண்டு விரல் விட்டிருக்கார் டீச்சர், உங்களுக்கு அது காணும். உங்கட அம்மாட கவுணிலதான் அஞ்சு விரல் விட்டிருக்கார்."